கைராசிக்காரர்

பின்கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு அவர் ஒரு நொடி நிற்பார். கதவுக்கு அந்தப் பக்கம் பிராணிகள் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். காலை ஒன்பது மணிக்கு அங்கே சந்தை கூடியிருக்கும். இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்த்து ஓயாமல் குரைத்துக்கொண்டிருக்கும். கூடைக்குள் அடைபட்ட பூனை ஒன்று அடித்தொண்டையில் இழுத்து இழுத்துக் கத்தும். கிளிக்கூண்டு தடதடக்கும். இத்தனைக்கும் மேலே சொந்தக்காரர்களின் "சும்மா இரு, சும்மா இருன்னா!" வேறு. அவர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைப்பார். சத்தம் நின்றுவிடும்.

குறையாது, நிற்கும். குழாயை மூடினாற்போல. மின்விசிறி கிரீச்சிடுவதே அப்போதுதான் காதில் விழும். குரைத்த நாய்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூனை உள்ளேதான் இருக்கிறதா என்று சொந்தக்காரர் குனிந்து கூடைக்குள் பார்ப்பார். ஒருமுறை ஒரு பெண்மணி தன் நாய்க்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து அதன் மூக்குக்கு எதிரே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

"கைராசிக்காரர் வந்துட்டாருல்ல, இனிமே கவலையில்ல" என்று பழைய ஆட்கள் புதிதாக வந்தவர்களிடம் சொல்வார்கள்.

அவருடைய வேலை, பிடிப்பது. டாக்டர் ஊசி போடும்போதும் தையல் போடும்போதும் நகம் வெட்டும்போதும் பிராணியை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டில் 'உதவியாளர்' என்று இருக்கும். இருபத்திரண்டு வருடம். வயது ஐம்பத்து மூன்று, ஒட்டடைக் குச்சிபோல உயரம், நீளமான கழுத்து, அதிகம் இமைக்காத கண்கள். வலது கட்டைவிரலில் ஒரு பழைய கடித் தழும்பு. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் பட்டது. அதற்குப்பிறகு எதுவும் அவரைக் கடித்ததில்லை, பிறாண்டியதில்லை.

மற்றவர்களைப்போல அவர் நாக்கைச் சொடுக்கிக் கொஞ்சமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். நேராக நடந்துபோய், மேலே கவிந்து, கண்ணுக்குள் பார்ப்பார். பிறகு பிடரித் தோலைப் பற்றுவார். "நான் ஒண்ணுமே பண்றதில்லங்க. பாப்பேன், அவ்வளவுதான். நம்ம கை பட்டா அடங்கிரும்" என்பார். எந்தப் பிராணியையும் அவர் அடித்ததில்லை. கை ஓங்கியதுகூட இல்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும்.

அந்த அடக்கம் மருத்துவமனையோடு நின்றுவிடவில்லை. பேருந்தில் வீறிட்டு அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று, தாயின் தோளுக்கு மேலாக இவரைப் பார்த்ததும் பட்டென்று வாயை மூடிக்கொண்டது. அழுகை நின்ற பிறகு வரும் விசும்பல்கூட வரவில்லை. "உங்க முகராசிங்க!" என்று தாய் சிரித்தாள். இறங்கும்வரை குழந்தை இவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அவர் குடியிருக்கும் தெருவில் ஏழெட்டு நாய்கள் திரிகின்றன. இவர் முனையில் திரும்பினால் எழுந்து சுவரோரமாக ஒண்டிக்கொள்ளும். இவர் நடந்து, தன் கட்டடத்துக்குள் நுழைந்து மறையும்வரை ஒரு முனகல் இருக்காது. மறைந்த மறுகணம் அத்தனையும் சேர்ந்து ஊளையிடும். "நமக்கு வணக்கம் வைக்குதுங்க" என்பார். முதல் மாடியில் ஒருவர் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார். நாள் முழுக்கக் கீச்சிடும் அந்தப் பறவைகள், மாலையில் இவர் செருப்புச் சத்தம் படிக்கட்டில் ஏறும்போது நிறுத்திவிடும்.

மூன்றாவது மாடியில் அவர் வீடு. மனைவி, ஒரே மகள். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "எங்க வீட்ல வந்து பாருங்க, ஒரு சத்தம் கேக்காது" என்பார், சக ஊழியர்கள் பிள்ளைகளைப் பற்றி அலுத்துக்கொள்ளும்போது. அங்கேயும் அவர் யாரையும் அடித்ததில்லை, அதட்டியதில்லை. மகள் சிறியவளாக இருந்தபோது அடம்பிடித்து அழுதால் எதிரே போய் நின்று பார்ப்பார். நின்றுவிடும். விருந்தாளிகள் அதிசயப்படுவார்கள். "என்ன அடக்கமான பொண்ணு!"

பழைய டாக்டர் ஓய்வுபெற்றுப் போனபின் புது டாக்டரம்மா வந்தார். முப்பது வயதிருக்கும். பேனா மூடியைக் கடிக்கும் பழக்கம். வந்த முதல் நாளே மேசையை விட்டுவிட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு பூனையின் காதைப் பரிசோதித்தார். சீட்டு எழுதும் பெண்ணைப் பார்த்து இவர் புருவத்தை உயர்த்தினார். டாக்டர் தரையில் உட்காருவதாவது!

அன்றே ஒரு பெரிய ஓநாய்ச் சாயல் நாய்க்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. இவர் பிடித்தார். ஸ்டீல் மேசையின்மேல் அது அசையாமல் நின்றது. டாக்டரம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நரம்பைப் பார்க்காமல் நாயின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் கையை எடுங்க."

"எடுத்தா குதிச்சிரும் டாக்டர்."

"பரவால்ல, எடுங்க."

எடுத்தார். நாய் குதிக்கவில்லை. அவர் எப்படி வளைத்து வைத்திருந்தாரோ அதே வாக்கில் நின்றது, பிடித்த கை இன்னும் கழுத்தில் இருப்பதுபோல. தூக்கியிருந்த ஒரு முன்னங்காலைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பாத்தீங்களா? நம்ம கை பட்டா அடங்கிரும்."

டாக்டரம்மா ரத்தத்தை எடுத்தார். வேலை முடிந்து நாயை இறக்கியபோது மேசையில் ஈரமாகப் பாதத் தடங்கள் இருந்தன. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது என்னண்ணே?"

"வேர்வை. நாய்க்குப் பாதத்துலதானே வேர்க்கும். வெளியில வெயில்."

"இங்க ஏசி ஓடுது. அது வந்து அரை மணி நேரம் ஆகுது." பேனா மூடியைக் கடித்தார். "அது அடங்கலண்ணே. உறைஞ்சு போயிருக்கு. ரெண்டும் பாக்கறதுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்."

அவர் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு பிராணிக்குப் பிறகும் அப்படித்தான் துடைத்து வந்திருக்கிறார். வெளியே வந்து சீட்டு எழுதும் பெண்ணிடம், "புது டாக்டருக்குப் படிப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றார்.

மூன்றாவது வாரம் தையற்கடைக்காரர் முயலைக் கொண்டுவந்தார்.

மனைவி இறந்தபிறகு தன் கடையிலேயே தங்கிக்கொள்கிற மனிதர். வெட்டிப்போட்ட துணிகளின்மேல் படுத்துத் தூங்கும் ஒரு வெள்ளை முயல்தான் துணை. இரண்டு நாளாக அது எதையும் தின்னவில்லை. பனியன் விரித்த பிளாஸ்டிக் கூடையில் அதைச் சுமந்து வந்திருந்தார். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "கூடையிலயே இருக்கட்டும். யாரும் தூக்க வேணாம். மருந்து கலந்துட்டு வந்துடறேன்" என்று உள்ளறைக்குப் போனார்.

தையற்கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடையின் கைப்பிடியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். "பயப்படுதுங்க. நடுங்குது பாருங்க."

"இதுக்கா இப்படி?" என்றார் கைராசிக்காரர். "ஒரு நிமிஷத்துல தூங்க வெச்சுக் காட்டறேன்."

அது அவருடைய பழைய வித்தை. எத்தனையோ பேருக்குக் காட்டி அசத்தியிருக்கிறார். முயலை எடுத்து, முன்கையின்மேல் மல்லாக்கக் கிடத்தி, வயிற்றில் ஒருமுறை தடவினார். நடுக்கம் நின்றது. கால்கள் தளர்ந்து தொங்கின.

"பாத்தீங்களா, தூங்கிருச்சு."

"கண்ணு தெறந்திருக்கே?"

"முயல் அப்படித்தாங்க தூங்கும்."

உள்ளறைக் கதவு திறந்தது. டாக்டரம்மா ஊசிக்குழலோடு அப்படியே நின்றார். "திருப்புங்க. மெதுவா. இப்பவே."

திருப்பினார். கூடையில் வைத்தார். அது எழுந்து உட்காரவில்லை. டாக்டரம்மா முழங்காலிட்டு, ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். பிறகு பனியனின் ஓரத்தை எடுத்து அதன்மேல் போர்த்தினார்.

தையற்கடைக்காரர் அழவில்லை. கைராசிக்காரரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். "தூக்கத்துலயே போயிருச்சுங்க. கொஞ்சமும் கஷ்டப்படல. உங்க கையில போகணும்னு இருந்திருக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

நன்றி சொல்லிவிட்டு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். கூடத்தில் இருந்த நாய்கள், பூனைகள், எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு நாளா பட்டினி. பிழைச்சிருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா, கையைக் கழுவிக்கொண்டே.

"தூங்கத்தானே செஞ்சுது டாக்டர்?"

"முயலை மல்லாத்தினா அது தூங்காதுண்ணே. செத்த மாதிரி கெடக்கும். பருந்து தூக்கிட்டுப் போறப்போ அப்படித்தான் கெடக்கும். செத்துப்போச்சுன்னு நெனச்சு விட்டுராதான்னு ஒரு ஆசை."

மறுநாள் காலை அவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார். டாக்டரம்மா வந்ததும் கையை நீட்டினார். "அந்தக் குழாயைக் கொஞ்சம் தர்றீங்களா?" இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் வைத்ததில்லை. அது டாக்டர்களின் பொருள்.

முதலில் வந்தது பழுப்பு நிறக் கிழநாய் ஒன்று. நகம் வெட்ட வந்தது. வருடக்கணக்காக வருவது. "இவர்னா எங்க நாய்க்கு உயிரு. எப்படி நிக்குது பாருங்க" என்று அதன் சொந்தக்காரர் எப்போதும் சொல்வார். அன்றும் அப்படித்தான் நின்றது, சிலைபோல. அவர் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குழாயின் வட்டத்தை அதன் விலாவில் வைத்தார்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. வேறெங்கோ ஓடும் இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்தார். பிறகு வட்டத்தை எடுத்துப் பார்த்து மீண்டும் வைத்தார். விரல் நகம்கூட அசையாமல் நிற்கும் அந்த உடம்புக்குள் என்னவோ தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்காமல், ஒதுங்க இடம் கிடைக்காமல், சுவரில் சுவரில் போய் முட்டிக்கொண்டு ஓடியது. அவர் குனிந்து நாயின் முகத்தைப் பார்த்தார். நாய் அவரைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை மட்டும் பிறைபோலத் தெரிய, ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எச்சிலை விழுங்கியது. ஒன்றுமில்லாமலே உதட்டை நக்கியது. அவருடைய சட்டைக் கையில் கொத்தாக முடி உதிர்ந்து கிடந்தது.

இதையெல்லாம் அவர் தினமும் பார்த்திருக்கிறார். முடியைத் தட்டிவிட்டிருக்கிறார்.

நாய் போனபிறகு, "நான் எதையும் அடிச்சதில்லையே டாக்டர்" என்றார்.

"தெரியும்ணே. அடிச்சிருந்தா திருப்பிக் கடிச்சிருக்கும். கடிச்சிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்." டாக்டரம்மா அவருடைய பச்சை மேலங்கியின் விளிம்பை இழுத்து முகர்ந்தார். "இதை எப்போ துவைப்பீங்க?"

"சனிக்கிழமை."

"பயந்துபோன நாயோட வாடை அடுத்த நாய்க்குத் தெரிஞ்சிரும். நீங்க கதவைத் தெறக்குறப்போ உள்ள வர்றது நீங்க மட்டும் இல்ல. இதுக்கு முன்னாடி பயந்தது எல்லாமும் சேர்ந்து வருது."

"துவைச்சா போயிருமா?"

"அங்கியிலருந்து போயிரும்."

அவர் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

பகல் பன்னிரண்டு மணி. தெருநாய்கள் நிழலில் இருந்து எழுந்து சுவரோரம் ஒண்டின. அவர் முதல்முறையாக அவற்றின் வாலைப் பார்த்தார். ஒவ்வொன்றும் வயிற்றோடு மடங்கியிருந்தது. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக நடந்தார். முதல் மாடியில் பறவைகள் நின்றன. இரண்டாவது மாடிக்கு ஏறும்போது மேலே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

பெரிய சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மூச்சு முட்டி, நின்று, மறுபடி வெடிக்கும் சிரிப்பு. கூடவே மிக்ஸி ஓடியது, வானொலி பாடியது, அதற்கும் மேலே குரலை உயர்த்தி யாரோ ஒரு பெண் கீழ்வீட்டுக்காரரைப்போல மூக்கால் பேசிக் காட்டினாள். "யாருங்க என் பைப்பைத் தெறந்தது? யாருங்க?" சிரிப்பு மறுபடி வெடித்தது. யாரோ புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் மூன்றாவது மாடிக்கு வந்தார். சத்தம் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. கதவிலிருந்த எண்ணை ஒருமுறை சரிபார்த்தார். அவருடைய எண்தான்.

மகளின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அங்கே நின்றபோதுதான் அது தெரிந்தது.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவரால் பிற்பாடு சொல்ல முடியவில்லை. சாவியை எடுத்துத் துவாரத்தில் வைத்தார். உலோகம் உலோகத்தில் உரசிய அந்தச் சின்னச் சத்தம்தான்.

சிரிப்பு பாதியில் அறுந்தது. மிக்ஸி நின்றது. வானொலி நின்றது. கதவைத் திறந்தபோது, குழாயில் சொட்டிய நீர் பாத்திரத்தில் விழும் ஓசை கேட்டது.

"ஏங்க, உடம்புக்கு எதுவும் முடியலையா?" என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்று. அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இருபது வருடமாக அவர் அறிந்த குரல் அது. சற்றுமுன் மூக்கால் பேசிய பெண்ணை அவர் அறியமாட்டார்.

விடுமுறையில் வீட்டிலிருந்த மகள் மேசைமுன் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு நேராக இருந்தது. ஒரு கை மேசைக் கண்ணாடியின்மேல். நிமிரவில்லை. பக்கத்தைத் திருப்பக் கையை எடுத்தாள். கண்ணாடியில் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்திருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து அது காயத் தொடங்கியது. அவள் எச்சிலை விழுங்கினாள்.

அவர் நேராகக் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு, நீர் ஓடுவதைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஒரு சத்தமும் இல்லை. இருவரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே போனால் அவர்கள் அப்படியே இருப்பார்கள். வெகுநேரம் குழாயை மூடாமல் நின்றார்.

மூன்று நாள் கழித்து, மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டார். "நான் வந்தா ஏன் ரேடியோவை அணைச்சிடற?"

அவள் கத்தியை நிறுத்தினாள். "நானா? நான் அணைக்கறேனா?" யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "தெரியலைங்க. கை தானா போகுதோ என்னவோ." பிறகு, பேச்சுவாக்கில் சொல்வதுபோல, "கீழ பறவைங்க நின்னுச்சுன்னா நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சிரும்" என்றாள். அவளுக்கு அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. மழை வருமுன் துணி எடுப்பதுபோன்ற ஒன்று அது.

டாக்டரம்மாவிடம் அவர் ஒரு பூனையைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். கட்டிலுக்கடியிலேயே கிடக்கும் ஒரு பூனை. பல வருடமாகப் பயந்த பூனை. அதற்கு என்ன செய்யலாம்?

"முதல்ல வாசலை மறிச்சு உக்காராதீங்க. வெளிய போக வழி இருக்குன்னு அதுக்குத் தெரியணும்" என்றார் டாக்டரம்மா. "நேரா பாக்காதீங்க. பக்கவாட்டுல, கீழ உக்காருங்க. கூப்பிடாதீங்க. கையில ஏதாவது வேலை வெச்சுக்குங்க. வந்தா வரட்டும். வரலைன்னா வரல."

"எத்தனை நாள் ஆகும்?"

"அது பூனைதான் சொல்லணும். முதல்ல இன்னும் ஜாஸ்தியா பயப்படும். ஆளு ஏன் மாறிட்டான்னு புரியாதுல்ல." டாக்டரம்மா பேனா மூடியைக் கடித்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "பூனைக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது" என்றார். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். பூனைகள் அத்தனை வருடம் இருப்பது அபூர்வம். டாக்டரம்மா பேனாவை மூடினார்.

மருத்துவமனையில் மாற்றம் சீக்கிரம் தெரிந்தது. தினமும் துவைத்த அங்கி. நுழையும்போது கதவோரமாக நுழைந்து, யாரையும் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பிடிக்கும் முன்னால் கையை நீட்டி, முகர்ந்து பார்க்க விடுவார். ஐந்தாவது வாரம் ஒரு மஞ்சள் பூனை அவர் சுண்டுவிரலை நறுக்கென்று கடித்தது. அவர் ரத்தம் சொட்டக் கூடத்துக்கு ஓடிவந்தார். "கடிச்சிருச்சு டாக்டர்! கடிச்சிருச்சு!" என்று கத்தினார். பிறகு சீட்டு எழுதும் பெண்ணிடமும், காத்திருந்தவர்களிடமும், தண்ணீர் கேன் போட வந்தவரிடமும் கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். பழைய ஆட்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கைராசி போய்விட்டது என்று இரண்டு பேர் வேறு மருத்துவமனைக்கு மாறிப்போனார்கள். பழுப்புக் கிழநாயின் சொந்தக்காரர் முகத்துக்கு நேராகவே சொன்னார். "முன்னாடி சிலை மாதிரி நிக்கும். இப்ப என்னடான்னா இழுத்துக்கிட்டு ஓடுது. என்ன பண்ணி வெச்சீங்க அதை?" அவருக்குக் காது சிவந்தது.

வீட்டில் அத்தனை சுலபமாக இல்லை. வாசலைப் பார்த்துப் போட்டிருந்த தன் நாற்காலியில் உட்காருவதை அவர் விட்டுவிட்டார். மாலையில் வந்ததும் கூடத்துச் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ஒரு முறம் பூண்டை உரிப்பார். யாரையும் பார்க்கமாட்டார். முதல் வாரம் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. மனைவி பாத்திரத்தை வைக்கும் ஓசைகூட இல்லை. மகள் தன் அறையிலிருந்து சமையலறைக்குப் போவதற்குச் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போனாள். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று உள்ளே அவள் கிசுகிசுப்பது கேட்டது. "தெரியலடி. பேசாம இரு." அந்த 'பேசாம இரு' அவர் விரலில் பூண்டுத்தோல்போல ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

பத்து நாள், இருபது நாள். அவர் பூண்டு உரித்தார். தேவைக்கு மேல் உரித்தார். மனைவி பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினாள். சில மாலைகளில், தன் முதுகுக்குப் பின்னால் யாரோ கதவோரம் நின்று பார்ப்பது தெரியும். மூச்சு கேட்கும். திரும்பிப் பார்க்க உடம்பு துடிக்கும். திரும்பமாட்டார். சற்று நேரத்தில் மூச்சு போய்விடும். ஒருநாள் வானொலி அணையாமல் அரை நிமிடம் கூடுதலாகப் பாடியது. ஒருநாள் மகள் அறைக்கதவை ஓங்கிச் சாத்தினாள், எதற்கென்று தெரியவில்லை. மனைவி திடுக்கிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். இவர் அடுத்த பூண்டுப் பல்லை எடுத்து உரித்தார்.

தெருநாய்கள் மட்டும் இன்னும் மாறவில்லை. அவர் மறைந்ததும் ஊளையிடுகின்றன. அவர் இப்போது அதை வணக்கம் என்று சொல்வதில்லை.

போன வாரம் ஒரு மாலை. அவர் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். "ஏய், போடி! நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நீதான் சொன்ன!" குரல் வீடெல்லாம் கேட்டது. சண்டையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல். பேச்சு மும்முரத்தில் அவள் சுவரை ஒட்டிச் சுற்றிப் போகவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை. தரையில் கிடந்த எதையோ தாண்டுவதுபோல, அப்பாவின் நீட்டிய காலைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். உள்ளிருந்து மனைவி, "பெரியவங்க காலைத் தாண்டுறா பாரு..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே குளிர்சாதனப் பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி அந்த வழியாகத்தான் வர வேண்டும். அவர் மடியிலிருந்த முறத்தை மெல்ல நகர்த்திவைத்துவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.